படிக்கட்டுத் தீத்தடுப்புக் கதவு: செங்கல் வைக்க வேண்டாம்

வணக்கம். மூன்றாம் மாடிப் படிக்கட்டுக் கதவுக்கு நேற்றும் யாரோ செங்கல் முட்டுக் கொடுத்திருந்தார்கள். மதுரை வெக்கைக்குக் காற்று வேண்டும்தான். ஆனால் கதவு திறந்திருந்தால் நாம் இறங்க வேண்டிய வழியில்தான் புகை ஏறும்.

இந்தக் கதவை முழுக்கத் திறந்து கையை எடுத்தால், தானாக வந்து மூடித் தாழ் விழ வேண்டும். இரண்டாம் மாடிக் கதவு பாதியிலேயே நின்றுவிடுகிறது. கதவைத் தானாக மூடவைக்கும் குளோசரில் எண்ணெய் கசிகிறது. சனிக்கிழமை மாற்றுகிறோம். கதவு நிலையின் ஓரத்தில் ஓடும் பட்டையைப் பெயிண்டர் உரித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சூட்டில் உப்பி இடுக்கை அடைப்பது அதுதான்.

ஜெனரேட்டர் அறைக்குப் புதுக் கதவு: தீயை 120 நிமிடம் தாங்கும் என்ற சோதனைச் சான்றிதழ் கேட்டிருக்கிறோம். விலை குறைவென்று வந்த வெறும் இரும்புக் கதவை வேண்டாம் என்றுவிட்டோம்.

அப்புறம், அந்தச் செங்கல் வாட்ச்மேன் அண்ணனிடம் இருக்கிறது. உரியவர் வாங்கிக்கொள்ளலாம்.