அல்பினோ பாம்புகளின் முகத்தில் ஃபிளாஷ் அடிப்பதை நிறுத்துங்கள்

சென்னையில் அயல்நாட்டுச் செல்லப்பிராணிகள் கண்காட்சி நடத்தும் அமைப்பாளர்களுக்கு,

வணக்கம்.

சென்ற கண்காட்சியின் புகைப்படப் போட்டியில் முதற்பரிசு பெற்ற படத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பிறவியிலேயே கருநிறமி இல்லாத அல்பினோ பால் பைதான் (பந்தாகச் சுருளும் மலைப்பாம்பு) ஒன்றின் முகத்துக்கு மிக அருகில் ஃபிளாஷ் அடித்து எடுக்கப்பட்ட அந்தப் படத்தில் கண் செக்கச்செவேலென்று எரிகிறது. உடலின் வெள்ளைப் பகுதியில் ஒரு செதில்கூடத் தனித்துத் தெரியவில்லை. அதற்குப் பரிசளித்ததன் மூலம், இனி வருகிறவர்களும் அப்படியே எடுக்கலாம் என்று நீங்கள் அனுமதி அளித்துவிட்டீர்கள். வெளிறிய ஊர்வனவற்றின் மீது நேரடி ஃபிளாஷைத் தடை செய்து, மென்மையான ஒளியமைத்த தனி மேசை ஒன்றை அவற்றுக்கென ஒதுக்குங்கள் என்பதே என் வேண்டுகோள்.

அல்பினோ விலங்கின் கண்ணில் மெலனின் என்ற கருநிறமி இல்லாததால், கண்மணியைச் சுற்றிய திரையால் ஒளியைச் சரிவரத் தடுக்க முடிவதில்லை. உள்ளே நுழைகிற ஒளியை உறிஞ்சிக்கொள்ள விழித்திரைக்குப் பின்னாலும் நிறமி இல்லை. லெபர்டு கெக்கோ என்ற பல்லிக்காவது இமை உண்டு, கூசும்போது கண்ணை மூடிக்கொள்ளும். பாம்புக்கு இமையே கிடையாது; கண்ணின் மேல் ஒளி ஊடுருவும் ஒரு செதில் மட்டுமே இருக்கிறது. அதிலும் பால் பைதான் இரவில் நடமாடும் உயிரினம். உங்கள் அரங்கில் அந்தப் பாம்பு தலையைச் சுருள்களுக்குள் புதைத்துப் பந்தாகச் சுருண்டபோது, 'முகம் தெரியவில்லை' என்று பொறுப்பாளரே அதைப் பிரித்துக் காட்டினார். அச்சத்தால் ஒளிந்துகொண்ட ஓர் உயிரைப் படத்துக்காக மறுபடி வெளியே இழுத்ததை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

இவ்வளவு துன்புறுத்தி எடுத்தும் அந்தப் படங்கள் நன்றாக வருவதில்லை. எதிரே இருப்பது நடுத்தரச் சாம்பல் நிறம் என்ற கணக்கில்தான் கேமராவின் ஒளிமானி இயங்குகிறது. ஆகவே கறுப்புத் துணியின் மேல் கிடக்கும் வெள்ளைப் பாம்பை அது அளவுக்கு மீறி வெளுக்கச் செய்யும், வெள்ளை மேசையின் மேல் கிடப்பதை அழுக்குச் சாம்பலாக்கும். முழுக் காட்சியையும் அளக்கும்போது கறுப்புப் பின்னணியில் எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் ஒளியின் அளவை) குறைத்தும் வெள்ளைப் பின்னணியில் கூட்டியும் எடுத்தால் செதில்கள் பிழைக்கும்; பாம்பின் உடலில் மிக வெளிச்சமான இடத்தை மட்டும் ஸ்பாட் மீட்டரால் அளந்தால், எந்தப் பின்னணியானாலும் எக்ஸ்போஷரைச் சற்றுக் கூட்ட வேண்டும். வெப்பம் அதிகம் உமிழாத எல்.இ.டி. பேனலை ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்து, ஒளியை மென்மையாக்கும் சாஃப்ட்பாக்ஸ் இல்லையென்றால் முன்னால் ஒரு வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டினால்கூடப் போதும். செதில் விளிம்புகளில் மெல்லிய நிழல் விழுந்து, வெள்ளைக்கும் வெளிர் மஞ்சளுக்கும் உள்ள வேறுபாடு புலப்படும். மேசையைச் சுற்றி உங்கள் சிவப்பு ஃபிளெக்ஸ் பேனர்களைக் கட்டாதீர்கள். வெளிறிய தோல் அருகிலுள்ள நிறத்தையெல்லாம் வாங்கிக்கொள்ளும்.

அழகுக்காக மட்டும் இதைக் கேட்கவில்லை. நல்ல ஒளியில் எடுத்த படத்தில்தான் வெளிறிய உடலில் ஒட்டிய கரும்புள்ளி போன்ற உண்ணியும், உரியாமல் தங்கிய தோலும் கண்ணில் படும். இன்று இணையத்தில் விலைபேசப்படும் பல விலங்குகளின் படங்களில் நிறத்தைக் கணினியில் ஏற்றிவிடுகிறார்கள். வாங்கியவர் வீட்டில் பெட்டியைத் திறந்த பிறகே உண்மை நிறத்தைக் காண்கிறார். இந்த வழக்கத்துக்கு எதிராக நின்றிருக்க வேண்டிய கண்காட்சியே, கண்ணைப் பறிக்கும் படத்தை மேடையேற்றிப் பாராட்டுகிறது. அயல்நாட்டு விலங்குகளை வைத்திருப்போருக்கான 2024ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்த சான்றை நுழைவாயிலில் அக்கறையோடு சரிபார்க்கிறீர்கள். அது மிகவும் சரியே. காகிதத்தின் மேல் காட்டும் அதே அக்கறையை அந்தக் காகிதத்துக்குரிய உயிரின் கண்கள் மேலும் காட்டக்கூடாதா?

கோபத்தில் சொற்கள் கடுமையாகியிருந்தால் பொறுத்தருளுங்கள். அடுத்த கண்காட்சியின் அறிவிப்பிலேயே அல்பினோ விலங்குகளுக்கு ஃபிளாஷும் கைப்பேசி டார்ச்சும் கூடாது என்று அச்சிடுங்கள். தோல் உரிக்கும் பருவத்தில் உள்ளவற்றையும் புதிதாக இரை உண்டவற்றையும் படமெடுக்கக் கொண்டுவர வேண்டாம் என்று வளர்ப்போரிடம் கூறுங்கள். போட்டி நடுவர்களுக்கும் இந்த விதியை எழுத்தில் கொடுங்கள். ஒளி மேசை அமைக்க என்னிடமுள்ள விளக்குகளையும் துணிகளையும் வாடகையின்றித் தருகிறேன், நாள் முழுதும் உடன் நிற்கவும் ஆயத்தமாக இருக்கிறேன். தேதியை முடிவு செய்யும் முன் உங்கள் பதிலைத் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஊர்வன வளர்த்துப் படமெடுக்கும் சென்னைவாசி ஒருவர்