அலுமாரிச் சாவியைக் கொஞ்சம் தாருங்கள்

வன்னிப் பள்ளிக்கூட அதிபர்களுக்கும், துணுக்காய், முல்லைத்தீவு, மடு, வவுனியா வடக்கு வலயக் கல்விப் பணிப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம். என்னைப் போல சிறுவர் கதை எழுதுகிறவர்களுக்கு அந்த ஒரு மாதம்தான் தொலைபேசி ஓயாமல் அடிக்கும். கூப்பிடுகிறீர்கள், வருகிறேன். ஏ9 வீதியால் மாங்குளம் வரை பஸ், அங்கிருந்து ஓட்டோ. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறை எல்லாம் வந்து இறங்கிய பிறகுதான்.

போன வருடம் ஒரு சிறிய பள்ளிக்கூடம், பெயர் வேண்டாம். வாசலில் பான்ட், மாலை, மங்கல விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, வரவேற்பு நடனம், பொன்னாடை. என் முறை வந்தபோது ஒன்றே கால் மணித்தியாலம் போய்விட்டது. முன்வரிசைச் சின்னதுகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து தூங்கத் தொடங்கிவிட்டன. மிஞ்சிய இருபது நிமிடத்தில், குளக்கட்டில் முட்டையிட வந்த ஆமையின் கதையைச் சொன்னேன். பாதியில் நிறுத்தி, மிச்சம் புத்தகத்தில் இருக்கிறது என்றேன். இது எங்கள் தொழில் தந்திரம்.

இறங்கி வரும்போது தரம் 4 பிள்ளை ஒன்று சேலைத் தலைப்பைப் பிடித்தது. "ரீச்சர், அந்தப் புத்தகத்தை வீட்டை கொண்டு போகலாமோ?" (நான் ரீச்சர் இல்லை. ஆனால் பள்ளிக்கூடத்துக்குள் சேலை கட்டியவர்கள் எல்லாரும் ரீச்சர்தான்.) மேடையில் அதிபரிடம் கையளித்த பிரதி அப்போதே அலுவலகத்துக்குப் போய்விட்டது. அதற்கு முந்தைய வருடம் நான் அனுப்பிய ஐந்து பிரதிகளும் நூலக அலுமாரிக்குள், கண்ணாடிக்குப் பின்னால், அட்டை மடியாமல் நின்றன. பூட்டுத் தொங்கியது. சாவி வைத்திருக்கும் ஆசிரியர் அன்று லீவு.

பூட்டியவர்களைத் திட்ட நான் இதை எழுதவில்லை. புத்தகம் தொலைந்தால் கணக்கெடுப்பின்போது பொறுப்பாசிரியர்தான் பதில் சொல்ல வேண்டும். இன்னொன்றும் உண்டு. இன்று உங்களிடம் படிப்பிக்கிறவர்களில் பலர் 2009இல் தாங்களே பள்ளிப் பிள்ளைகள். கொப்பி புத்தகங்களை உரப்பையில் கட்டிக்கொண்டு இடம் இடமாக ஓடி, கடைசியில் அதையும் போட்டுவிட்டு வெறுங்கையோடு செட்டிகுளம் முகாமுக்குப் போனவர்கள். கைக்கு ஒரு பொருள் திரும்பி வந்தால் பூட்டிவைக்கத்தான் மனம் சொல்லும்.

ஆனால் வன்னிக் கறையானுக்குச் சாவி தேவையில்லையே.

பணிப்பாளர்களே, வாசித்துக் கிழிந்த, தொலைந்த சிறுவர் புத்தகங்களைப் பதிவேட்டிலிருந்து கழிக்க இலகுவான ஒரு வழி செய்யுங்கள். அதற்காக எந்த ஆசிரியரின் சம்பளத்திலும் கை வைக்க மாட்டோம் என்று எழுத்தில் தாருங்கள். வாய்ச்சொல்லை நம்பி யாரும் பூட்டைத் திறக்க மாட்டார்கள்.

அதிபர்களே, பொன்னாடைக் காசில் ஒரு நைலோன் கயிறும் ஒரு கொப்பியும் வாங்குங்கள். வகுப்புச் சுவரில் கயிற்றைக் கட்டி, புத்தகங்களை விரித்துத் தொங்கவிடுங்கள். எடுக்கிற பிள்ளை தானே கொப்பியில் பெயர் எழுதட்டும். எழுத்துப் பிழை இருந்தால் இருக்கட்டும். சில புத்தகங்கள் திரும்பி வராது. அவை ஏதோ ஒரு வீட்டில் தங்கைக்கோ தம்பிக்கோ போயிருக்கும். சரி, போகட்டும்.

இந்த ஒக்டோபரும் கூப்பிட்டால் வருவேன். பான்ட் வேண்டாம், பிளேன்டீ போதும். அந்தப் பிள்ளை இப்போது தரம் 5. ஆமைக்கு என்ன நடந்தது என்று அவளுக்கு இன்னும் தெரியாது.

அன்புடன்,
உங்கள் பிள்ளைகளுக்குக் கதை எழுதும் ஒருத்தி