நீலப் பெட்டியோடு வந்த எல்லோருக்கும் நன்றி

அன்புள்ள எல்லோருக்கும்,

சனிக்கிழமை மாலை முடிந்து நாலு நாளாகிவிட்டது, தொண்டை இன்னும் சரிவரவில்லை. ஒரு ஆங்கில ரொக் இசைக்குழுவைப் பற்றி இரண்டு மணித்தியாலம் தமிழில் கதைத்தால் யார் வரப்போகிறார்கள் என்று கேட்டவர்கள்கூட நேரத்துக்கு வந்து முன்வரிசையில் இருந்தார்கள். கதிரை போதாமல் பின்னால் சுவரோடு சாய்ந்து நின்றவர்களையும் பார்த்தேன். ஒவ்வொருவருக்கும் ஃபோன் எடுத்து நன்றி சொல்லத்தான் நினைத்தேன், ஏழாவது ஆளோடு அழுகை வந்து நின்றுவிட்டது. அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

வரமுடியாமல் போனவர்களுக்காக முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் கூடிக் கதைத்தது பெயர்நேக்கட் லேடீஸ் பற்றி. கனடாவில், ரொறன்ரோவின் கிழக்குப் பக்கம் இருக்கும் எங்கள் ஸ்காபரோவில் முளைத்த குழு. எட் ரொபேர்ட்சனும் ஸ்டீவன் பேஜும் வோபேர்ண் கொலீஜியேற்றில் படித்த பெடியன்கள். எல்ஸ்மியர் வீதியில் பஸ்ஸில் போகும்போது நீங்கள் எத்தனையோ தரம் கடந்து போயிருக்கும் அதே பள்ளிக்கூடம்தான், எங்கள் பிள்ளைகளும் நிறையப் பேர் அங்கே படித்திருக்கிறார்கள். இவர்கள் இரண்டு பேரும் பொப் டிலன் கச்சேரி ஒன்றுக்குப் போய், அலுப்படித்து, தாங்கள் ஏதோ பெரிய இசை விமர்சகர்கள் என்ற பாவனையில் உலகத்தில் இல்லாத குழுக்களுக்கெல்லாம் பெயரும் சரித்திரமும் கட்டி விளையாடியிருக்கிறார்கள். அப்படி வாயில் வந்த பெயர்களில் ஒன்றுதான் இது. தமிழில் சொன்னால் அம்மணப் பெண்கள். அப்புறம் 1988 ஒக்ரோபர் 1ஆம் திகதி, ரொறன்ரோ நகரசபைக்கு முன்னால் இருக்கும் நேதன் பிலிப்ஸ் சதுக்கத்தில், இல்லாதவர்களுக்கு இலவசமாகச் சாப்பாட்டுச் சாமான் கொடுக்கும் உணவு வங்கிக்காக ஒரு நிகழ்ச்சி. வாசிப்பதாக ஒப்புக்கொண்டிருந்த எட்டின் பழைய குழு அதற்குள் கலைந்துவிட்டது. வரமாட்டேன் என்று சொல்ல மனமில்லாமல், என்னிடம் வேறு குழு இருக்கிறது, பெயர் பெயர்நேக்கட் லேடீஸ் என்று சொல்லிவிட்டு ஸ்டீவனைக் கூப்பிட்டிருக்கிறார். குழு தொடங்கியது அங்கேதான்.

அந்தப் பெயர்தான் எங்களுக்கும் முதல் தலையிடி. நாங்கள் முதலில் கேட்ட மண்டபம் துண்டுப்பிரசுரத்தைப் பார்த்ததும் கையை விரித்துவிட்டது. அன்று எனக்கு மனம் உடைந்துதான் போனது. ஆனால் இதே பெயருக்காக இவர்களுக்கும் கதவு அடைபட்டிருக்கிறது. 1991 டிசம்பர் 31, புதுவருட இரவு, அதே நேதன் பிலிப்ஸ் சதுக்கத்தில் பாட ஏற்பாடாகியிருந்தது. பெயர் பெண்களைப் பொருளாக்குகிறது என்று நகரசபைத் தரப்பு அதை நிறுத்தியது. பத்திரிகைகள் விடவில்லை. அதுவரை இவர்களைக் கேள்விப்படாத வீடுகளுக்கெல்லாம் பெயர் போய்ச் சேர்ந்தது. பெண்களை இழிவுசெய்யும் குழுவா என்று எங்கள் கூட்டத்தில் ஒரு அக்கா நேரடியாகவே கேட்டார், கேட்கவேண்டிய கேள்விதான். பாட்டுகளைக் கேளுங்கள், இரண்டு வாரம் கழித்துச் சொல்லுங்கள் என்றேன். இரண்டு வாரம் கழித்து அந்த அக்காவே தன் கடையின் மேல்மாடியைத் தந்தார். வாடகை வேண்டாம் என்றார். கதிரையெல்லாம் தானே துடைத்து வைத்திருந்தார். அக்கா, அன்று நீங்கள் அந்தக் கேள்வியைக் கேட்காமல் பேசாமல் போயிருந்தால் இந்த மாலை நடந்திருக்காது.

நூலகத்தில் உதவிய பிள்ளைக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. 1991, 92 காலத்துப் பத்திரிகைகளைத் தேடிப் போனபோது, படச்சுருள் இயந்திரத்தை எப்படிச் சுழற்றுவது என்று என் கையைப் பிடிக்காத குறையாகச் சொல்லித்தந்தார். மூன்று சனிக்கிழமை பக்கத்தில் இருந்து தேடினார். அந்தப் பிள்ளைக்கு இந்தக் குழுவைத் தெரியாது, தன் வேலை என்று செய்தார், அவ்வளவுதான். இந்தக் குழுவின் கதை முழுவதிலும் இப்படிப்பட்டவர்கள்தான் எனக்குத் தெரிகிறார்கள். குவீன் வீதியும் ஜோன் வீதியும் சந்திக்கும் இடத்தில் சிற்றி ரிவி என்ற தொலைக்காட்சிக்காரர்கள் ஒரு சின்னக் கூண்டு வைத்திருந்தார்களே, ஒரு டொலர் போட்டால் கமெராவுக்கு முன்னால் எதையும் பேசலாம், நினைவிருக்கிறதா? இரண்டு பேராகத் தொடங்கிப் பிறகு ஐந்து பேரான இவர்கள் அந்தக் கூண்டுக்குள் வாத்தியங்களோடு நெருக்கியடித்துப் புகுந்து ஒரு பாட்டைப் பாடினார்கள். அந்தப் பதிவைப் பார்த்துவிட்டு, இது நல்லாயிருக்கே, போடுவோம் என்று நினைத்த யாரோ ஒருவர் அந்த அலுவலகத்தில் இருந்திருப்பார். அவரை நான் என்றைக்கும் சந்திக்கப் போவதில்லை, அவருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல்.

சரி, மஞ்சள் கசெற் கதைக்கு வருகிறேன்.

1993இல் நான் டவுன்ரவுனில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். ஆங்கிலம் விளங்கும், வாய் திறக்க வெட்கம். எங்கே இருக்கிறாய் என்று யாராவது கேட்டால் ஸ்காபரோ என்று சொல்லக்கூடக் கூச்சமாக இருக்கும், ஏனென்றால் அந்தக் காலத்தில் எங்கள் இடத்தை சைபீரியாவோடு சேர்த்து ‘ஸ்காபீரியா’ என்று நக்கலடிப்பார்கள். பக்கத்துத் தொட்டியில் சட்டி தேய்த்த நியூபவுண்ட்லாந்துக்காரர் ஒருவர் எப்போதும் ஏதாவது பாடிக்கொண்டிருப்பார். ஒருநாள், நீ ஸ்காபரோதானே, இது உங்கள் ஊர்ப் பெடியன்கள் என்று சொல்லி, ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துவிட்டு மஞ்சள் அட்டை போட்ட கசெற் ஒன்றைத் தந்தார். ஐந்தே ஐந்து பாட்டு. அட்டையின் ஒரு மூலை சவர்க்காரத் தண்ணீரில் ஊறி வெளிறியிருந்தது. சனிக்கிழமை நான் தூக்கிக் காட்டியது அதே கசெற்தான், அந்த வெளிறிய மூலையும் அப்படியே இருக்கிறது. 1991இல் பெரிய நிறுவனம் எதுவும் பின்னால் இல்லாமல் வெளிவந்த அந்தக் கசெற் கனடாவில் விற்பனையில் பிளாட்டினம் என்ற தரத்தைத் தொட்டது. எந்த நிறுவனத்தையும் சாராமல் அந்த இடத்துக்குப் போன முதல் வெளியீடு அது. கைக்குக் கை மாறித்தான் போனது, எனக்கும் அப்படித்தான் வந்தது. அந்த நண்பர் இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியாது. அவர் தந்ததுக்குப் பிறகுதான் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவரிடம், நான் ஸ்காபரோ, என்று தலை நிமிர்த்திச் சொன்னேன்.

அந்த ஐந்தில் ஒன்றுதான் மில்லியன் டொலர் பாட்டு. இரண்டு கூட்டாளிகள், எங்களிடம் பத்து லட்சம் டொலர் இருந்தால் என்னென்ன வாங்குவோம் என்று மாறி மாறி அளக்கும் பாட்டு. காசு வந்தபிறகும் கிராப்ட் டின்னரை, அதுதான் நீலப் பெட்டியில் சீஸ் தூளோடு வரும் மலிவான மக்ரோனியை, விடமாட்டோம், இன்னும் கூடச் சாப்பிடுவோம் என்று ஒரு இடம் வரும். ரசிகர்கள் அந்த இடத்தில் மேடையை நோக்கிக் கிராப்ட் டின்னர் பெட்டிகளை வீசத் தொடங்கினார்கள். பெட்டி பறந்து வந்தால் ஆளுக்கும் ஆபத்து, வாத்தியத்துக்கும் ஆபத்து, சாப்பாடும் வீண். எறியாதீர்கள், உணவு வங்கிக்காக வாசலில் தொட்டி வைத்திருக்கிறது, அதில் போடுங்கள் என்று குழுவே கேட்டுக்கொண்டது. உணவு வங்கிக்காகப் பாடித் தொடங்கியவர்கள் பெயரும் புகழும் வந்தபிறகும் அதை மறக்கவில்லை. அந்தப் பாட்டு இருக்கும் முதல் அல்பமான ‘கோர்டன்’ 1992இல் வந்தது, கனடாவில் மட்டும் பத்து லட்சம் பிரதி தாண்டி வைரச் சான்று பெற்றது. எனக்கு அதைவிட அந்தத் தொட்டிதான் பெரிது.

ஏனென்று சனிக்கிழமை வந்தவர்களுக்குத் தெரியும். 1992 மார்கழியில் நாங்கள் வந்து இறங்கியபோது, பதினான்காம் மாடியில் இரண்டு அறையில் எட்டுப் பேர். முதல் குளிர்காலம் முழுவதும் உணவு வங்கிப் பெட்டிதான். அதில் தவறாமல் நீலப் பெட்டி இரண்டோ மூன்றோ இருக்கும். அம்மாவுக்கு அது என்னவென்று தெரியவில்லை. உள்ளே இருந்த செம்மஞ்சள் தூள் பைக்கற்றை வெட்டி மணந்து பார்த்துவிட்டு, பால் புளித்த மணமாக இருக்கு என்று ஓரமாக வைத்தார். மக்ரோனியை அவித்து வடித்து, கடுகு, வெங்காயம், செத்தல் மிளகாய் போட்டுத் தாளித்துப் பிரட்டினார். அடுப்பை நிறுத்தப் போகும்போது, காசு கொடுத்து யாரோ வாங்கித் தந்த சாமான், எறியக்கூடாது என்று அந்தத் தூளையும் மேலே தூவினார். உறைப்பும் உப்பும் பால்மணமும் சேர்ந்து, தங்கச்சி மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டாள். அந்தப் பெட்டிகளில் ஒன்றாவது ஏதோ ஒரு கச்சேரி வாசல் தொட்டியிலிருந்து எங்கள் மாடிக்கு வந்திருக்கும் என்று நினைக்க எனக்கு ஆசை. அதைப் போட்ட கை யாருடையதோ, அந்தக் கைக்கு நன்றி. அம்மா இன்று இல்லை. சனிக்கிழமை அதே தாளிப்பை அதே பதத்தில் செய்து பெரிய சட்டியில் கொண்டுவந்த தங்கச்சிக்கும், தூளைக் கடைசியில்தான் போடவேண்டும் என்று மறக்காமல் இருந்ததுக்கும் நன்றி.

1998ஐப் பற்றிப் பேசும்போது எல்லோரும் ‘வன் வீக்’ பாட்டைத்தான் கேட்டீர்கள். அமெரிக்காவின் பில்போர்ட் பட்டியலில் முதலிடம் போன பாட்டு, அதுவும் பெயருக்கு ஏற்றபடி ஒரே ஒரு வாரம். எனக்கும் பிடிக்கும், ஆனால் இவர்களின் உயிர் அதில் இல்லை என்பது என் எண்ணம். உயிர், சிரித்துக்கொண்டே போய்த் திடீரென்று தனிமையில் நிற்கும் பாட்டுகளில் இருக்கிறது. மனம் சரிந்து படுக்கையிலேயே கிடந்த, பீச் போய்ஸ் குழுவின் பாடலாசிரியர் பிறையன் வில்சனை வைத்து ஸ்டீவன் பேஜ் எழுதிய பாட்டைக் கேளுங்கள். பின்னாளில் பிறையன் வில்சனே அதை மேடையில் பாடினார், இதற்குமேல் ஒரு பாட்டெழுதுபவனுக்கு என்ன வேண்டும்? 1998இல் என்னைத் தொட்டது வேறு ஒன்று. அந்த வெற்றி வந்த நேரத்திலேயே கீபோர்ட் வாசிக்கும் கெவின் ஹேர்ணுக்கு இரத்தப் புற்றுநோய் என்று தெரியவந்தது. வாழ்நாளிலேயே பெரிய சுற்றுப்பயணம் வெளியில் நடக்க அவர் மருத்துவமனையில் இருந்தார். கிறிஸ் பிரவுனும் கிரெக் கேர்ஸ்டினும் வந்து அவர் இடத்தில் வாசித்தார்கள். எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சை செய்து, கெவின் பிழைத்து, தன் கதிரைக்கே திரும்பி வந்தார். இன்றும் வாசிக்கிறார். இதைக் கேட்டுவிட்டுத்தான் தாதியாக வேலை செய்யும் தம்பி ஒருவர், அண்ணை, வாசலில் எனக்கு ஒரு மேசை தாங்கோ என்றார். மச்சைக் கொடையாளராகப் பதிவது எப்படி, எங்கள் ஆட்கள் கூடப் பதிந்தால் எங்கள் ஆட்களுக்கே பொருத்தம் கிடைக்கும் வாய்ப்பு ஏன் கூடும் என்று மாலை முழுக்க நின்று விளக்கினார். தம்பி, நீங்கள் சாப்பிடவே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது.

2009இல் ஸ்டீவன் பேஜ் பிரிந்துபோனதைப் பற்றி நான் கனக்கப் பேசவில்லை, பேச முடியவில்லை. 2018இல் கனடாவின் இசை விருதான ஜூனோ விருதுவிழாவில் இவர்களை இசைப் புகழவையில் சேர்த்தபோது அவர் வந்து சேர்ந்து பாடினார், அந்த ஒளிப்பதிவைப் போட்டதும் மேல்மாடி முழுக்க அமைதி. கணினியை இயக்கிய மருமகனே, அந்த இடத்தில் விளக்கை நீ அணைத்தது எவ்வளவு சரி.

இரண்டு பாட்டுகளைத் தமிழில் எழுதிப் பாடிய அக்கா தங்கச்சிக்கு நன்றி. சிரிப்பு எந்த இடத்தில் விழவேண்டும் என்று என்னோடு சண்டை பிடித்தீர்கள், நீங்கள் சொன்னதே சரி. அதில் மூத்தவள் சொன்ன கதை எனக்கு அன்றுவரை தெரியாது. விண்வெளி நிலையத்தில் இருந்த கனடிய விண்வெளி வீரர் கிறிஸ் ஹாட்பீல்டும் பூமியில் இருந்த எட் ரொபேர்ட்சனும் சேர்ந்து எழுதிய பாட்டை, 2013 மே 6ஆம் திகதி கனடா முழுக்கப் பிள்ளைகள் ஒரே நேரத்தில் பாடினார்களே, அன்று இவளும் தன் பள்ளிக்கூட மண்டபத்தில் நின்று பாடியிருக்கிறாள். அந்தப் பாட்டின் முதல் பதிவில் ஹாட்பீல்டோடும் குழுவோடும் பாடியது எங்கள் ஸ்காபரோ வெக்ஸ்போர்ட் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் என்று நான் சொன்னதும் அவள் கண் விரிந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

கடைசியாக, நுழைவுக் கட்டணமாக ஒரு நீலப் பெட்டி கொண்டுவாருங்கள் என்று கேட்டிருந்தேன். ஒருவர்கூட வெறுங்கையோடு வரவில்லை. திங்கட்கிழமை காலை மருமகனும் நானும் காரின் பின்பக்கம் நிறைய ஏற்றிக்கொண்டு போய் உணவு வங்கியில் இறக்கினோம். அங்கே எண்ணி அடுக்கும்போதுதான் பார்த்தேன், பெட்டிகளுக்கு நடுவில் யாரோ ஒருவர் வறுத்து இடித்த மிளகாய்த்தூளைச் சின்னச் சின்னப் பைக்கற்றுகளாகக் கட்டி, ஒவ்வொரு நீலப் பெட்டியோடும் ஒன்றாக ரப்பர் வளையம் போட்டு வைத்திருந்தார். யாரென்று இன்னும் தெரியவில்லை. தயவுசெய்து ஃபோன் எடுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஸ்காபரோக்காரன்