பூதத்தைப் பிள்ளைகளே செய்யட்டும்

அன்புள்ள கண்ணு,

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு பூதப் பொம்மை செய்யப் போவதாக எழுதியிருந்தாய். கண், மூக்கு, பல் எல்லாம் அச்சிட்ட அட்டைகளை வாங்கிவிடலாமா என்றும் கேட்டிருந்தாய். வாங்காதே. வகுப்பு முழுவதும் ஒட்டி முடித்தாலும் கடைக்காரருடைய ஒரே பூதம்தான் மிஞ்சும்.

அடிப்பக்கம் மடிந்திருக்கும் காக்கிக் காகிதப் பை போதும். பையை விரிக்காமல் தட்டையாகவே வைத்து வரையச் சொல். மடிந்து கிடக்கும் அந்த அடிப்பாகம்தான் முகம். கண்கள் அதில்தான் வர வேண்டும். மடிப்பைத் தூக்கினால் வாய். நாக்கும் பல்லும் அதற்குள். பைக்குள் கையை விட்டு, விரல்களை மடிந்த அடிப்பாகத்துக்குள் நுழைத்து அசைத்தால் வாய் திறந்து மூடும். முதலிலேயே பையை விரித்துவிட்டால் நடுவில் முகத்தை வரைந்துவிடுவார்கள், வாய் அசையாது, அழுகை தொடங்கிவிடும். முடிக்குத் தேங்காய் நார். நம் பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம்போல் அங்கே சும்மா கிடைக்காது என்றால் கம்பளி நூல். பொத்தான் மட்டும் வேண்டாம், எதையும் வாயில் போட்டுக்கொள்ளும் பிள்ளைகள். மைதாப் பசை நன்றாகக் காயட்டும். ஆட்டத்தை மறுநாள் வைத்துக்கொள்.

பயந்த பிள்ளை இருந்தால் என்ன செய்வது என்று கேட்டாயே. சின்ன வயதில் பகவதி கோயில் தோல்பாவைக்கூத்தில் இராவணனைக் கண்டு நீ என் மடியில் முகம் புதைத்துக்கொண்டாய். அப்பா உன்னைக் கூத்துமாடத்துக்குப் பின்னால் தூக்கிப் போனார். 42 அடித் திரை, அதன் பின்னால் வரிசையாக 21 தேங்காய் மூடி விளக்குகள், கம்பராமாயணப் பாட்டைச் சொல்லிக்கொண்டே பாவையை ஆட்டும் புலவர். இராவணன் அவர் கையில் ஒரு துண்டு மான்தோல். அடுத்த இரவும் போக வேண்டும் என்று நீதான் அடம்பிடித்தாய்.

ஆகவே பயந்த பிள்ளையைப் பார்க்க உட்கார வைக்காதே, திரைக்குப் பின்னால் நிறுத்து. மேசைக்கு முன்னால் ஒரு வேட்டியைக் கட்டினால் திரை தயார். "உன் பூதத்துக்கு எதைக் கண்டால் பயம்?" என்று மட்டும் கேள். என் வகுப்பில் வாயே திறக்காத ஒரு சிறுமி, தன் பூதத்துக்குக் காற்றுச் சத்தம் ஆகாது என்று பூதக் குரலிலேயே சொன்னாள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கூரை ஓட்டைப் பிய்க்கும் ஆடி மாதத்தில் அவள் ஏன் பள்ளிக்கு வருவதில்லை என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது.

அழகாக இல்லை என்று எந்தப் பூதத்தையும் நீ திருத்தாதே. நெற்றியில் பல் ஒட்டியிருந்தால் ஏன் என்று கேள், காரணம் வைத்திருப்பார்கள். பூதங்களுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர்களை எழுதி அனுப்பு. என் வகுப்பில் வாசித்துக் காட்ட வேண்டும்.

அன்புடன்,
அம்மா