பாப்பா எடை சரியாகத்தான் இருக்கிறது

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் சௌக்கியம். சம்பாவுக்கு நாற்று விட்டாயிற்று, நடவு முடிகிற வரை என்னால் ஓசூருக்குக் கிளம்ப முடியாது. போனில் சொல்லலாம் என்றால் நீ ஷிப்டுக்குப் போகிற அவசரத்தில் பாதிதான் கேட்கிறாய். அதனால் எழுதுகிறேன். மருமகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படி.

நீ பயந்து கேட்டதற்கு முதலில் பதில். பாப்பா எடை சரியாகத்தான் இருக்கிறது. பிறந்தபோது 2.8 கிலோ, ஐந்து மாதம் முடிந்து இப்போது 6.1 கிலோ. பிறந்த எடை ஐந்தாறு மாதத்தில் இரட்டிப்பாக வேண்டும், ஒரு வயதில் மூன்று மடங்காக வேண்டும். நம் பாப்பா இரட்டிப்பைத் தாண்டிவிட்டாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த தாய் சேய் அட்டையைப் பிரித்துப் பெண் குழந்தைக்கான வளர்ச்சிப் படத்தைப் பார். மாதாமாதம் புள்ளி வைத்துக் கோடு இழுத்தால், பிறந்தபோது எந்த வளைகோட்டின் பக்கத்தில் இருந்தாளோ அதையே ஒட்டி மேலே ஏறுகிறாள். எனக்கு வேண்டியது அதுதான். பக்கத்து வீட்டுப் பையன் எட்டு கிலோ இருந்தால் இருக்கட்டும். அவன் ஆண் பிள்ளை, அவனுக்குப் படமே வேறு. எந்த எடையில் பிறந்தானோ அதிலிருந்துதான் அவன் கணக்கும். கோடு கீழே சரிந்தாலோ, ஏறாமல் படுத்துவிட்டாலோ டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடு. அதுவரை யார் "இளைச்சிருக்கே" என்றாலும் காதில் போட்டுக்கொள்ளாதே.

போன வாரம் முந்நூறு கிராம் குறைந்துவிட்டது என்றாயே, ஒரு தடவை கிளினிக்கில், ஒரு தடவை மருந்துக்கடையில், அதுவும் ஒரு நாள் ஸ்வெட்டரோடு, ஒரு நாள் இல்லாமல் பார்த்தால் அப்படித்தான் காட்டும். நான் அங்கன்வாடியில் எப்படி எடை போடுவேன் என்று நீயே பார்த்திருக்கிறாய். உத்தரத்தில் தராசைத் தொங்கவிட்டு, வெறும் தூளியை மாட்டி முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவேன். டயாபர், இடுப்புத்துணி எல்லாம் கழற்றிய பிறகுதான் பிள்ளையை உள்ளே விடுவேன். அது காலை உதைக்கும், முள் அரைக் கிலோ மேலும் கீழும் ஆடும். அழுகையைப் பார்த்து அவசரப்படாமல் முள் நிற்கிற வரை காத்திருந்து, கண்ணுக்கு நேராகப் பார்த்துத்தான் எழுதுவேன். நீயும் ஒரே தராசில், மாதம் ஒரு முறை பார். உன் வீட்டுப் பக்கத்து அங்கன்வாடியில் பெயரைப் பதிந்து வைத்தால் எடையும் பார்ப்பார்கள், ஆறு மாதம் முடிந்ததும் சத்துமாவும் கொடுப்பார்கள். இலவசம்தானே என்று இளக்காரமாக நினைக்காதே. 1975-இல் காந்தி ஜெயந்தி அன்று தொடங்கிய திட்டம் அது. அந்த மாவைத் தின்று வளர்ந்த பிள்ளைகள் இன்று வலங்கைமானில் டிராக்டர் ஓட்டுகிறார்கள், தஞ்சாவூரில் வக்கீலாக இருக்கிறார்கள்.

பால் பவுடர் டின் வாங்கட்டுமா என்று கேட்டாய். வேண்டாம். பால் போதுகிறதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது நன்றாக மூத்திரம் போகிறாளா, பால் குடித்து முடித்ததும் கையைத் தளர விடுகிறாளா, முழித்திருக்கும்போது முகம் பார்த்துச் சிரிக்கிறாளா என்று கவனி. இதெல்லாம் இருந்தால் பால் போதுகிறது. பிள்ளை சப்பச் சப்பத்தான் பால் ஊறும். ஒரு வேளை பவுடர் கொடுத்தால் அந்த வேளை சப்புவது குறையும், பால் குறையும், அடுத்த வாரம் இரண்டு வேளை கொடுக்க வேண்டிவரும். இப்படித்தான் நல்லாப் பால் இருந்த தாய்க்கும் வற்றிப்போகிறது. இந்த டின்னுக்கும் பால் புட்டிக்கும் விளம்பரமே செய்யக்கூடாது என்று 1992-லேயே சட்டம் வந்துவிட்டது. கடையில் டின்னைக் கையில் எடுத்துப் பார், தாய்ப்பாலே சிறந்தது என்று அதிலேயே அச்சடித்திருக்கும். டாக்டர் பரிசோதித்து, வேண்டும் என்று சொன்னால் அது வேறு விஷயம். அப்போது தயங்காமல் கொடு, யாரும் குறை சொல்ல அதில் ஒன்றும் இல்லை. ஆறு மாதம் முடிகிறவரை தண்ணீர்கூட வேண்டாம், கிரைப் வாட்டரும் வேண்டாம்.

மருமகள் திரும்ப வேலைக்குப் போகும்போது பாலைக் கையால் பீய்ச்சி, சுத்தமான மூடியிட்ட பாத்திரத்தில் வைத்துவிட்டுப் போகட்டும். வெளியே நாலு மணி நேரம் கெடாது, ஃபிரிட்ஜில் ஒரு நாள் தாராளமாக இருக்கும். பால் புகட்டுகிற சங்கு மாதிரியான பாலாடையில் கொடுக்க, அப்போது துணைக்கு வருகிற சம்பந்தியம்மாவுக்கு நன்றாகத் தெரியும். புட்டி வீட்டுக்குள்ளேயே வர வேண்டாம், அதன் ரப்பரைக் கழுவி மாளாது, பேதிக்கு அதுவே வழி.

தம்பி, இதைக் கொஞ்சம் நிதானமாகப் படி. பால் கொடுப்பது ஒன்றுதான் அவளால் மட்டும் முடிகிற வேலை. மற்ற எல்லாம் உன்னாலும் முடியும். ராத்திரி பாப்பா அழுதால் நீ எழுந்து துணி மாற்றி அவளிடம் கொடு, குடித்து முடித்ததும் வாங்கித் தோளில் போட்டு ஏப்பம் வரும் வரை முதுகைத் தடவு. திருத்துறைப்பூண்டியில் அம்மா வீட்டில் இருந்தவரை அவளுக்குப் பூண்டுக்குழம்பும் சுறாப்புட்டும் கைக்கு வந்துகொண்டிருந்தன. ஓசூரில் மூன்றாம் மாடியில் அவளுக்கு ஒரு டம்ளர் வெந்நீர் எடுத்துக் கொடுக்க உன்னைத் தவிர யார் இருக்கிறார்கள்? பத்தியம் என்று சொல்லித் தண்ணீரையும் கீரையையும் குறைக்க விடாதே. அவள் காரணம் தெரியாமல் அழுகிறாள், பாப்பா தூங்கும்போதும் தூக்கம் வரவில்லை, பிள்ளை மேல் பிடிப்பே இல்லை என்கிறாள் என்றால், இரண்டு வாரம் அப்படியே நீடித்தால், "எல்லாருக்கும் இருப்பதுதான்" என்று தள்ளாதே, டாக்டரிடம் கூட்டிப் போ. 14416 என்ற எண்ணுக்குப் போன் போட்டாலும் மனநல ஆலோசகர் தமிழில் பேசுவார். தன்னையோ பிள்ளையையோ ஏதாவது செய்துவிடுவேனோ என்று ஒரு வார்த்தை சொன்னாலும் இரண்டு வாரம் பார்த்துக்கொண்டிருக்காதே, அன்றைக்கே போ.

குளிப்பாட்டுவதை நீயே எடுத்துக்கொள். மணையில் உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டி, கணுக்காலுக்கு மேலே பாப்பாவைக் குப்புறப் போட்டால் முதுகு தேய்க்கலாம், மல்லாத்திப் போட்டால் நெஞ்சு, வயிறு. உன் கணுக்கால் இரண்டும் சேர்ந்து அவள் தலைக்குத் தொட்டில் மாதிரி இருக்கும். தண்ணீரை முழங்கையில் ஊற்றிப் பார்த்துத்தான் அவள் மேல் ஊற்ற வேண்டும், விரலுக்குச் சூடு சரியாகத் தெரியாது. தேங்காய் எண்ணெயை மெதுவாகத் தடவு, இழுத்து அமுக்காதே. மூக்கை நீவுவது, தலையைப் பிடித்து உருட்டுவது, பாப்பாவின் மார்க்காம்பை அமுக்கிப் பால் எடுப்பது எதுவும் கூடாது. மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடக் கூடவே கூடாது. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் போய்ச் சளிக்காய்ச்சல் வந்து அல்லாடிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஓசூர் குளிருக்குத் தலையை உடனே துவட்டிவிடு, சாம்பிராணிப் புகை வேண்டாம்.

ஊரில் பெரியவர்கள் சொல்வதை எல்லாம் நான் தள்ளுகிறவள் இல்லை. வசம்பைக் கையில் காப்பாகக் கட்டட்டும், ஆனால் உரசி நாக்கில் தடவ வேண்டாம். மையைக் கன்னத்தில் பொட்டாக வைக்கட்டும், கண்ணுக்குள் வேண்டாம். தேனை ஒரு வயது முடிகிறவரை ஒரு சொட்டுகூடத் தொட்டு வைக்க விடாதே. கைக்குழந்தையின் குடலில் அதிலுள்ள கிருமி விஷமாகி உடம்பையே தளர வைத்துவிடும். தூளியில் போடலாம், ஆனால் புரளவும் உட்காரவும் தொடங்கிய பிள்ளையைத் தூளியில் விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போகாதே, சேலை முறுக்கிக் கழுத்தை இறுக்கும். படுக்கையில் மல்லாத்திப் போடு, தலையணை வேண்டாம்.

தீபாவளியை ஒட்டி ஆறு மாதம் முடிகிறது. அப்போது சோறு தொடங்கலாம். கேழ்வரகை ஊறவைத்து முளை கட்டி, காயவைக்காமல் பச்சையாகவே அரைத்து, பழைய வேட்டித்துணியில் பிழிந்து பால் எடு. அடுப்பில் வைத்துக் கைவிடாமல் கிண்டினால் பளபளவென்று கூழாகும். கரண்டியைச் சாய்த்தால் தண்ணீராக ஓடக் கூடாது, தயங்கி விழ வேண்டும். தண்ணிக் கஞ்சி வயிற்றை நிரப்பும், உடம்பில் ஒட்டாது. இரண்டு மூன்று கரண்டியில் தொடங்கு. மூன்று நாள் அதையே கொடுத்து, ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்து அடுத்ததுக்குப் போ: குழைத்த அரிசி பருப்பில் ஒரு சொட்டு நெய், மசித்த பூவன்பழம், பரங்கிக்காய், இட்லி, வேகவைத்த முட்டை. முள் பார்த்து எடுத்த மீனும் கொடுக்கலாம், நம் வீட்டில் எல்லாம் தின்கிற பிள்ளைதானே. மிக்சியில் அடித்துக் கூழாக்காதே, கையால் மசி, மெல்லப் பழகட்டும். ஒரு வயது வரை உப்பு, சர்க்கரை வேண்டாம், பசும்பாலைக் குடிக்கக் கொடுப்பதும் ஒரு வயதுக்கு அப்புறம். முதல் நாள் துப்புவாள். துப்பினால் பிடிக்கவில்லை என்று அர்த்தமில்லை, நாக்குக்கு உள்ளே தள்ளத் தெரியவில்லை. நாளைக்குத் திரும்பக் கொடு. வாயை மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பினால் நிறுத்திவிடு. மூக்கைப் பிடித்து ஊட்டுகிற வேலை நம் வீட்டில் வேண்டாம்.

போனைக் காட்டி ஊட்டாதே. இரண்டு வயது வரை திரையே வேண்டாம், அதற்கு மேலும் நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குள்தான் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் சொல்லியிருக்கிறது. மொட்டை மாடிக்குத் தூக்கிப் போய் நிலாவையும் காக்காயையும் காட்டு. நீ செய்கிற வேலையை எல்லாம் அவளிடம் சொல்லிக்கொண்டே செய். அப்படிப் பேச்சுக் கேட்டு வளர்கிற பிள்ளை இரண்டு வயதில் "அம்மா வா", "பால் தா" என்று இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசிவிடும். பேர் சொல்லிக் கூப்பிட்டு ஒரு வயதிலும் திரும்பவில்லை என்றால் காதைப் பரிசோதிக்க வேண்டும்.

பேதி வந்தால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றை முழுதாகக் கரைத்துக் கரண்டி கரண்டியாகக் கொடு, பாலை நிறுத்தாதே. டாக்டர் துத்தநாக மாத்திரை எழுதினால் பேதி நின்றாலும் 14 நாளும் கொடுத்து முடி. காய்ச்சலைப் பல் முளைப்பதன் மேல் போட்டுவிட்டுச் சும்மா இருக்காதே. பாராசிட்டமால் எடைக்குத் தக்க அளவு, அதையும் டாக்டரிடம் எழுதி வாங்கு. ஒன்பதாம் மாதத் தட்டம்மை ரூபெல்லா ஊசியும் வைட்டமின் ஏ சொட்டும் பொங்கலை ஒட்டி வரும்.

உட்கார்த்தி வைத்து ஓட்டுகிற வாக்கர் வாங்காதே, யார் பரிசாகக் கொடுத்தாலும் எடுத்து வைத்துவிடு. பிள்ளைகள் விழுந்து மண்டை உடைகிறது என்று கனடாவில் 2004-லேயே அதை விற்கத் தடை போட்டுவிட்டார்கள். நின்று தள்ளுகிற மர நடைவண்டி போதும், அதுவும் அவளாக நிற்கத் தொடங்கிய பிறகு. ஒன்பது மாதத்தில் நடக்கிற பிள்ளையும் உண்டு, பதினெட்டு மாதத்தில் நடக்கிற பிள்ளையும் உண்டு. வேர்க்கடலை, புளியங்கொட்டை, காசு, பொம்மையில் போடுகிற பொத்தான் பேட்டரி எதுவும் அவள் கைக்கு எட்டக் கூடாது.

தவழத் தொடங்கிய பிறகு எனக்கு இருக்கிற பெரிய பயம் தண்ணீர்தான். மேட்டூர் ஜூன் 12-இல் திறந்து, குடமுருட்டியில் தண்ணீர் வந்து நம் வாய்க்காலில் ஏறிவிட்டால், சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டில் கொல்லைக் கதவு அன்றிலிருந்து தாழ்ப்பாளில்தான் இருக்கும். இங்கே ஆற்றையும் குளத்தையும் பார்த்து எல்லாரும் பயப்படுவார்கள், ஒருவர் இல்லாவிட்டால் ஒருவர் கண் வைப்பார்கள். உன் வீட்டில் வாய்க்கால் இல்லை, ஆனால் பாத்ரூமில் பக்கெட் இருக்கிறது, அதற்கு யாரும் பயப்படுவதில்லை. இந்த வயதில் உடம்பின் அளவுக்குத் தலை கனம் அதிகம். எட்டிப் பார்த்தால் தலைகீழாக உள்ளே போகும், திரும்பத் தூக்க வலு இருக்காது. சத்தமே கேட்காது, இரண்டு மூன்று நிமிஷம் போதும். குளித்து முடித்ததும் பக்கெட்டைக் கவிழ்த்து வை, பாத்ரூம் கதவை வெளியே தாழ்ப்பாள் போடு. தண்ணீர் வருகிற நாளில் பிடித்து வைக்கிற டிரம்முக்கு மூடி வேண்டும். கீழ்த்தளத்துச் சம்ப்பின் மூடி சரியாக இருக்கிறதா என்று வீட்டுக்காரரிடம் இன்றைக்கே கேள். போன் அடிக்கிறது, பால் பொங்குகிறது என்று பிள்ளையைத் தண்ணீர்ப் பக்கம் விட்டுவிட்டு ஒரு நிமிஷமும் நகராதே, கையோடு தூக்கிக்கொண்டு போ.

ஒன்றரை வயதில் அடம் பிடித்துத் தரையில் புரளுவாள். அடிக்காதே. அடிபடாத இடமாகப் பார்த்து, பக்கத்திலேயே உட்கார்ந்திரு, தானாக அடங்கும். அதைப் பற்றி அப்போது விவரமாகப் பேசுவோம்.

உன் சித்தப்பா அடுத்த வாரம் பெங்களூர் போகிறார், ஓசூரில் இறங்கி உன் வீட்டுக்கு வருவார். கேழ்வரகு இரண்டு படி, வீட்டு நெய், அப்பாவின் பழைய வேட்டி நாலு, பாலாடை எல்லாம் ஒரே பையில் வைத்திருக்கிறேன். பாலாடையைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்த பிறகு மருமகளிடம் கொடு.

அன்புடன்,
அம்மா