டயட் சார்ட் எழுதித் தரும் உணவியல் நிபுணர்களுக்கு: அந்த 60 கிராம் வேகும் முன்பா, வெந்த பின்பா?

வணக்கம்.

'மதியம்: அரிசி 60 கிராம்' என்று சார்ட்டில் எழுதித் தருகிறீர்கள். வீட்டில் தட்டைத் தராசில் வைத்து 60 கிராம் சோறு போட்டுக்கொள்கிறார்கள். நீங்கள் கணக்கிட்டது சுமார் 210 கலோரி. அவர்கள் வயிற்றுக்குப் போவது 80. நாலு மணிக்கே பசி தாங்காமல் மிக்சர் டப்பாவைத் திறந்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. தலைகீழாகவும் நடக்கிறது. 'சாதம் 150 கிராம்' என்பதை அரிசியாக அளந்து உலையில் போட்டால், 195 வரவேண்டிய இடத்தில் 525 கலோரி.

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 உணவுச் சத்து அட்டவணையில் தானியம், பருப்பு, இறைச்சி எல்லாம் பெரும்பாலும் சமைக்காத நிலையில்தான் இருக்கின்றன. உங்கள் கணக்கு அங்கிருந்து வருகிறது. சாப்பிடுபவர் கண்ணில் படுவதோ வெந்தது. அரிசி தண்ணீரைக் குடித்து இரண்டரை முதல் மூன்று மடங்காகும். கோழிக்கறி தண்ணீரை விட்டுச் சுருங்கும்: எலும்பில்லாமல் 200 கிராம் போட்டால் வெந்து ஏறக்குறைய 150. பருப்பில்தான் குழப்பம் அதிகம். 'பருப்பு ஒரு கப்' என்றால் வேகாத துவரம்பருப்பாக அது 650 கலோரியைத் தாண்டும். சாம்பாராக ஊற்றினால் அதில் பருப்பு சில ஸ்பூன்தான்.

குடும்பத்துக்கே ஒரே குக்கரில் வைக்கும் வீட்டில் ஒருவருக்கு மட்டும் எப்படி அளப்பது? இதையும் சார்ட்டிலேயே எழுதுங்கள். காலிப் பாத்திரத்தின் எடையை ஒருமுறை குறித்துக்கொள்ள வேண்டும். அரிசி 300 கிராம் போட்டு, வெந்ததும் பாத்திரத்தோடு நிறுத்து, பாத்திர எடையைக் கழிக்க வேண்டும். சோறு 840 கிராம் இருந்தால் 2.8 மடங்கு, 60 கிராம் அரிசிக்கு 168 கிராம் சோறு. ஆறும்போது ஆவி போய் எடை குறையும், அதனால் மொத்தத்தையும் பங்கையும் ஒரே சூட்டில் நிறுக்க வேண்டும். தண்ணீர் அளவோ அரிசி ரகமோ மாறினால் மறுபடி பார்க்க வேண்டும். தாளித்த எண்ணெய் தனிக் கணக்கு: ஒரு டீஸ்பூனுக்கு 40 கலோரி.

'பச்சையாக' என்று மட்டும் எழுதாதீர்கள். பச்சரிசி என்று படிப்பவர்கள் உண்டு. ஒவ்வொரு கிராமுக்கும் பக்கத்தில் 'வேகும் முன்' அல்லது 'வெந்த பின்' என்று எழுதுங்கள். அச்சடித்த சார்ட்டாக இருந்தால் பேனாவால் எழுதித் தந்தாலும் போதும்.