‘ஆம்’ என்று எழுதினால் என்ன ஆகும்? – வடசென்னைத் தொழிற்பயிற்சி நிலையங்களுக்கு ஒரு திறந்த மடல்

வடசென்னையில் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், நர்சிங், லேப் டெக்னீஷியன் படிப்புகளை நடத்தும் நிலையங்களின் முதல்வர்களுக்கும் சேர்க்கைக் குழுவினருக்கும் வணக்கம்.

நான் தண்டையார்பேட்டைக்காரன். ஐ.டி.ஐ.யில் பிட்டர் டிரேட் (இயந்திர பாகங்களை அளவாக அராவிப் பொருத்தும் தொழில்) முடித்து, மணலிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் 18 வருடமாக வேலை செய்கிறேன். எனக்கு இடது காது கேட்காது. 9 வயதில் பொன்னுக்கு வீங்கி வந்தது. வீக்கம் வடிந்துவிட்டது, காது போனது போனதுதான்.

நான் சேர்ந்தபோது விண்ணப்பத்தில் ஒரு வரி இருந்தது: ‘உடற்குறை ஏதேனும் உண்டா? ஆம் / இல்லை.’ அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை. ஆம் என்று போட்டால் அந்தத் தாள் யார் கைக்குப் போகும், வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள் என்று யாரும் சொல்லவில்லை. பேனாவோடு நான் நிற்பதைப் பார்த்து, கவுன்டரில் இருந்தவர், “இல்லைன்னு போடு தம்பி, எதுக்கு வம்பு” என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். போட்டுவிட்டேன்.

பயிற்சிக்கூடத்தில் எனக்குக் கிடைத்த வைஸ், அதாவது இரும்பை இறுக்கிப் பிடிக்கும் மேசைப் பிடி, வலது கோடியில், சுவரை ஒட்டி இருந்தது. அதனால் சார் நிற்பது, பேசுவது, கூப்பிடுவது எல்லாமே என் இடது பக்கத்திலிருந்து. சொல்வதில் பாதி எனக்கு வந்து சேராது. பக்கத்துப் பையன் அரத்தைக் கீழே வைத்தால் நானும் வைப்பேன். அவன் அளவெடுத்தால் நானும் எடுப்பேன். கவனம் இல்லாதவன் என்று பெயர் வாங்கினேன். ஒருநாள் செயின் பிளாக்கில் (பளு தூக்கும் சங்கிலிக் கப்பி) பழைய மோட்டார் ஒன்றை இறக்கி வைத்துவிட்டுக் கொக்கியை விட்டார்கள். இடது பக்கமிருந்து “தள்ளு, தள்ளு” என்று கத்தியிருக்கிறார்கள். ஆடி வந்த கொக்கி என் தோளை உரசிக்கொண்டு போனது. சட்டை கிழிந்து தோல் வழன்றது. சாருக்கு முகம் வெளுத்துவிட்டது. “காது கேக்கலையாடா உனக்கு?” என்றார். ஆமாம் சார், கேட்காது என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் வாய்த்திருக்காது. ஆனால் “கவனிக்கல சார்” என்றுதான் வாயில் வந்தது. சேர்க்கும்போது பொய் எழுதியவன் என்று அனுப்பிவிடுவார்களோ என்ற பயம்.

என்னை இடது கோடி வைஸுக்கு மாற்றியிருந்தால் போதும். ஒரு பைசா செலவில்லை.

மாணவர்கள் மறைக்கிறார்கள், அதனால்தான் ஆபத்து வருகிறது என்று உங்களில் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். உண்மைதான். ஆனால் அவர்களை மறைக்க வைப்பது அந்த ஒற்றை வரி. அதை மாற்றச் சொல்லித்தான் இந்த மடல்.

தகுதிச் சான்று விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருப் பெண் ஒருத்தி இரண்டு காதிலும் கேட்கும் கருவி போட்டிருக்கிறாள். பிளஸ் டூவில் நல்ல மார்க். லேப் டெக்னீஷியன் படிக்க ஆசைப்பட்டு ஒரு தனியார் நிலையத்துக்குக் கிளம்பியபோது, “முடியை முன்னால விட்டு மறைச்சுக்கோ” என்று அம்மாவே சொல்லி அனுப்பினார். பெற்ற தாய் அப்படிச் சொல்ல வேண்டியிருக்கிறது, பாருங்கள். அங்கே கருவியைப் பார்த்ததும், ‘இந்தப் படிப்புக்குத் தகுதியானவர்’ என்று டாக்டரிடம் எழுதி வாங்கிவரச் சொன்னார்கள். டாக்டர் கேட்டது நியாயமான கேள்வி: “அங்க என்னம்மா வேலை செய்யணும்?” அவள் கையிலிருந்த தாளில் அது இல்லை. பொதுவாக ஆரோக்கியமாக இருக்கிறார் என்று எழுதிக் கொடுத்தார். அது போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்த வருடம் வீட்டில் இருக்கிறாள். ரத்தக் குழாயில் லேபிள் ஒட்டவும் மைக்ராஸ்கோப்பில் அணுக்களை எண்ணவும் காது எதற்கு? மிஷின் ‘பீப்’ அடிப்பதைக் கேட்க வேண்டுமே என்றால், திரையைப் பார்த்தும் தெரிந்துகொள்ளலாம்.

வெளியிலிருந்து பார்த்தால் தொழிற்சாலை வேலைக்கும் காது கட்டாயம் என்றுதான் தோன்றும். எங்கள் கம்ப்ரசர் அறைக்குள் வந்து பாருங்கள். எல்லோர் காதிலும் அடைப்பான். அங்கே யாருக்கும் யார் பேச்சும் கேட்காது. கிரேனுக்குக் கைச் சைகை, மிஷினுக்குச் சிவப்பு விளக்கு. அந்த அறையில் நானும் மற்றவர்களும் ஒன்றுதான். இது டாக்டருக்குத் தெரிய வழியில்லை. காது எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் ஆடியோகிராம் பயிற்றுநருக்குப் புரியாது. அப்புறம் ஒருவர் கையெழுத்தை வைத்து எப்படி முடிவெடுக்கிறீர்கள்?

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், முன்பு 7 வகையாக இருந்த குறைபாடுகளை 21 ஆக்கியது. இடஒதுக்கீடு 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களுக்குத்தான். ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் காதுச் சோதனை செய்துகொண்டபோதுதான் எனக்குக் கணக்கு புரிந்தது: கேட்கும் காதுக்கு 5 பங்கு, கேட்காத காதுக்கு 1 பங்கு, மொத்தம் 6 பங்கு. ஒரு காது முழுதாகப் போனாலும் 17 சதவீதம்தான் வரும். ஆக, சலுகை கேட்டால் நான் மாற்றுத்திறனாளி இல்லை, சேர்க்கை மேசையில் மட்டும் குறையுள்ளவன். ஆனால் 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில், எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் ஒரு தேர்வருக்காக, 40 சதவீதம் இல்லாதவருக்கும் தேவையான வசதியைச் செய்துதர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2024 அக்டோபரில் ஓம்கார் கோண்ட் வழக்கில், சதவீதத்தை மட்டும் பார்த்து எம்.பி.பி.எஸ். இடத்தை மறுக்கக் கூடாது, அந்த மாணவரால் படிப்பைத் தொடர முடியுமா என்று மருத்துவ வாரியம் ஆராய்ந்து சொல்ல வேண்டும் என்றது. டாக்டர் படிப்புக்கே அதுதான் அளவுகோல் என்றால் பிட்டருக்கும் லேப் டெக்னீஷியனுக்கும் ஏன் கூடாது? ஐ.டி.ஐ. பாடத்திட்டப் புத்தகத்திலேயே ஒவ்வொரு டிரேடுக்கும் எந்தெந்த வகை மாற்றுத்திறனாளிகள் சேரலாம் என்று அச்சிட்டிருக்கிறார்கள். அதை எந்தச் சேர்க்கை கவுன்டரிலும் ஒட்டி வைத்து நான் பார்த்ததில்லை.

எல்லோருக்கும் எல்லா வேலையும் கொடுங்கள் என்று கேட்கவில்லை. வலிப்பு கட்டுக்குள் வராத பையனை உயரத்தில் ஏற்றச் சொல்ல மாட்டேன். ஆனால் அவனிடம் உட்கார்ந்து பேசி, தரையில் செய்யும் டிரேடாகப் பார்த்துச் சேர்க்கலாம். அவன் சொன்னால்தானே பேச முடியும்?

விண்ணப்பத்தில் இருக்கும் அந்த ‘உடற்குறை’க் கேள்வியை இடம் கொடுத்த பிறகு கேளுங்கள். ‘உங்களுக்குப் பயிற்சியில் என்ன ஏற்பாடு வேண்டும்?’ என்று கேளுங்கள். பதிலை யார் படிப்பார்கள், எதற்குப் பயன்படுத்துவார்கள் என்று பக்கத்திலேயே தமிழில் எழுதுங்கள். தகுதியில் சந்தேகம் வந்தால் டாக்டரும் பயிற்றுநரும் அந்த மாணவரும் ஒன்றாகப் பயிற்சிக்கூடத்துக்குப் போய், கேட்கும் கருவி போன்றதைப் போட்டுக்கொண்டு வேலையைச் செய்ய முடிகிறதா என்று பாருங்கள். மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் கொடுங்கள்.

எனக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. எந்த நிலையமாவது தன் பயிற்சிக்கூடத்தில் எந்த வைஸ் எங்கே இருக்கலாம், எங்கே விளக்கு போடலாம் என்று பார்க்க விரும்பினால், கூலி வேண்டாம், நானே வந்து நின்று காட்டுகிறேன். அந்தப் பெண் அடுத்த ஜூனில் மறுபடி விண்ணப்பிக்கப் போகிறாள், இந்த முறை முடியைப் பின்னால் கட்டிக்கொண்டு.

இப்படிக்கு,
ஒரு பிட்டர்,
தண்டையார்பேட்டை